புளித்த வாடை

மெதுவாகக் கிண்ட வேண்டும், வேகமாகக் கிண்டினால் குமிழி வரும், வந்த குமிழி உள்ளேயே நின்றுகொண்டு காலத்துக்கும் முழித்துப் பார்க்கும், மெதுவாக, மெதுவாக என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கோமதி குச்சியைக் கோப்பையின் ஓரத்தோடு ஓரமாகச் சுற்றினாள். ரப்பர் கையுறைக்குள் வியர்வை ஊறி விரல் நுனிகள் சுருங்கிப்போயிருந்தன. கழற்றினால் அதற்குள்ளிருந்து ஒரு வாடை வரும், அது தன் கையின் வாடைதான் என்று தெரிந்தும் அவளுக்குக் குமட்டும். பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடி வீட்டின் பின்பக்கத்துப் பால்கனி. துணி காயப்போடுகிற கொடிக்குக் கீழே ஒரு பழைய மேஜை, மேஜைமேல் செய்தித்தாள், செய்தித்தாளின் மேல் சொட்டு வடிவத்தில் குழிந்த ஒரு சிலிக்கோன் அச்சு, அதற்குப் பக்கத்தில் இரண்டு சின்ன டப்பாக்கள். ரெசின் என்கிற பிசினும் அதை இறுக வைக்கிற திரவமும் ஒன்றோடொன்று சேர்ந்தாகிவிட்டது. இனி அரை மணி நேரம்தான் அது ஊற்றுகிற பதத்தில் இருக்கும், அதற்குப் பிறகு யார் பேச்சையும் கேட்காது. அதற்குள் எந்த டப்பாவில் இருப்பதைக் கலப்பது என்று அவள் முடிவு செய்தாக வேண்டும். இடது பக்கத்து டப்பாவில் இருப்பது பொன்செல்வியின் தாய்ப்பால், காய்ச்சிக் காயவைத்துப் பொடித்தது, பழுப்பேறி நாறுகிறது. வலது பக்கத்து டப்பாவில் இருப்பது காலையில் கடையில் வாங்கிய பால்பவுடர், வெள்ளை வெளேரென்று, ஒரு வாடையும் இல்லாமல். பொன்செல்வி முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

பொன்செல்வி அவளுக்கு ஓரகத்தி, புருஷனின் தம்பி வேலாயுதத்தின் மனைவி. பிள்ளை பிறந்து இரண்டு மாதம் வீட்டில் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு நாள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே உதடு நீலம் பாரித்தது, ஆஸ்பத்திரி, இதயத்தில் கோளாறு, மூக்கில் குழாய். பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள் என்றார்கள், இவள் பீய்ச்சிப் பையில் அடைத்து அடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொடுக்காமல் மிஞ்சியது ஒரே ஒரு பை. பிள்ளையைப் புதைத்தாகிவிட்டது, தொப்புள்கொடி வைத்து இடுப்பில் கட்டிய வெள்ளித் தாயத்து அவனோடேயே போய்விட்டது, சின்னஞ்சிறு பிள்ளை என்பதால் காரியம் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஒரு வாரத்தில் வீடு பழையபடி ஆகிவிட்டது. அந்தப் பை மட்டும் ஃப்ரீசரில் உறைந்து கிடந்தது. கோமதி செய்த கழுத்துத் தொங்கல் ஒன்றை, யாரோ ஒருத்தியின் பிள்ளையின் முதல் முடியை உள்ளே வைத்துச் செய்ததை, போனில் பார்த்துவிட்டு, பிள்ளை போய் நாலு மாதம் கழித்துப் பொன்செல்வி கேட்டாள், பாலையும் இப்படிச் செய்யலாமாமே அக்கா என்று. செய்யலாம்டி, அதுக்கென்ன என்று சொன்னாள் கோமதி. ஏன் சொன்னாள்? பெருமைதான், வேறென்ன. தன்னால் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்ன வாயோடு தொண்டைக்குள் என்னவோ புரண்டு வந்ததை எச்சிலோடு சேர்த்து விழுங்கினாளே, அது பொன்செல்விக்குத் தெரியாது.

ச்சே, குச்சி ஓரத்தில் ஒரு தூசி, இல்லை, தூசி இல்லை, கொசு. செத்த கொசு. அதைக் குச்சி முனையால் வெளியே எடுத்துச் செய்தித்தாளில் தேய்த்தாள். ஒருமுறை ஒரு கல்யாண மாலையைச் சட்டத்துக்குள் அமைத்துக் கொடுத்தபோது இப்படித்தான், எல்லாம் இறுகின பிறகு பார்த்தால் ரோஜா இதழுக்கு அடியில் ஒரு எறும்பு, கால்களை விரித்துக்கொண்டு, கண்ணாடிபோல் தெளிவாக. மணப்பெண்ணுக்குத் தெரியவில்லை. கோமதிக்கு மட்டும் அந்தச் சட்டம் இருக்கிற வீட்டை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு அரிக்கும். சரியாகக் காயாத பூவை வைத்தால் இன்னும் மோசம், உள்ளேயே அழுகும், தொட முடியாது, துடைக்க முடியாது, பழுப்பு நிறமாக ஒரு திட்டு நாளுக்கு நாள் பரவும். ஆனால் வாடை வராது. அதுதான் ரெசினில் அவளுக்குப் பிடித்தது. முதலில் பாட்டில்களுக்குச் சணல் சுற்றிப் பெயிண்ட் அடித்தாள், எத்தனை கழுவினாலும் அந்தப் பாட்டில்களின் வாய்க்குள்ளிருந்து பழைய எண்ணெய் சிக்கு வாடை வந்தது. பிறகு காகிதச் சுருள், அதில் பசையைத் தேடி ராமபாணப் பூச்சி. பிறகு கயிறு முடிந்து தொட்டி மாட்டுகிற வேலை, மழைக்காலத்தில் மக்கல் வாடை. கைவேலைக் குழுவில் ஒருத்தி முட்டை ஓட்டில் பிள்ளையார் செய்து படம் போடுவாள், இன்னொருத்தி மீன் செதிலைக் காயவைத்துத் தோடு செய்வாள், மற்றவர்கள் எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போடுவார்கள், கோமதியும் போடுவாள், போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வருவாள், போனைத்தான் தொட்டிருக்கிறோம் என்று தெரிந்தும். ரெசின் வந்தபின் விட்டது தொல்லை. எதை வேண்டுமானாலும் உள்ளே போடு, மேலே ஊற்று, இறுகின பிறகு அது பளபளவென்று ஒரு கண்ணாடிக் கட்டி. அதற்கு வாடை கிடையாது, ஈரம் கிடையாது. செத்ததுக்கெல்லாம் சமாதி கட்டுதா இவ என்று அவள் புருஷன் பேச்சிமுத்து வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிக்கட்டும். சமாதி என்றாலும் சுத்தமான சமாதி.

ஆனால் பால் அப்படி வரவில்லையே. பொன்செல்வி அந்தப் பையைத் துணியில் சுற்றி, ஐஸ்கட்டிக்கு நடுவில் வைத்து, ஒரு எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறதுபோல இரண்டு கையாலும் தூக்கைப் பிடித்திருந்தாள். ஃப்ரீசரில் வச்சிருங்கக்கா, உருகிரக் கூடாது என்றாள். வச்சிருதேன் என்றாள் கோமதி. கதவைச் சாத்திவிட்டு வந்து ஃப்ரீசரைத் திறந்தாள். உள்ளே பட்டாணி, உரித்த பூண்டு, மகன் விடுமுறைக்கு வந்தால் கேட்பானே என்று வாங்கி வைத்த ஐஸ்கிரீம். அந்தப் பையைப் பார்த்தாள். உறைந்த பால், ஓரத்தில் மஞ்சளாக ஒரு கொழுப்புக் கோடு. இன்னொருத்தியின் உடம்புக்குள்ளிருந்து வந்தது. இது இந்தப் பட்டாணிக்குப் பக்கத்தில், இந்த ஐஸ்கிரீமை ஒட்டிக்கொண்டு, நாளைக்கு இந்தப் பட்டாணியைக் கையில் எடுத்து, வேகவைத்து, வாயில் போட்டு. முடியவில்லை. அவளால் முடியவே இல்லை. மூன்று பாலிதீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு முடிந்து, பூ வந்த தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸைக் கொட்டி அதற்குள் வைத்து, இதே பால்கனியில், இதே மேஜைக்கு அடியில் தள்ளினாள். ஒரு ராத்திரிதானே, காலையில் எழுந்ததும் காய்ச்சிவிடலாம். காலையில் எழுந்தால் பேச்சிமுத்துவின் அத்தை மகன் குடும்பம் குற்றாலம் போகிற வழியில் என்று வாசலில் நிற்கிறது, இட்லி, சட்னி, காப்பி, பிறகு மதியச் சாப்பாடு, அவர்களுடைய பையன் சோபாவில் காலை வைத்ததை வெறுப்போடு பார்த்துக்கொண்டே சிரித்த சிரிப்பு, அவர்கள் போன பிறகு சோபாவைத் துடைத்தது, பாத்ரூமைக் கழுவியது. நினைவு வந்து பெட்டியைத் திறந்தபோது வெயில் இறங்கிவிட்டது. ஐஸ் எல்லாம் வெந்நீராகி, பை உப்பிப்போய் அதில் மிதந்தது.

சொல்லியிருக்கலாம், அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? உன் பாலை என் வீட்டுப் பட்டாணிக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது என்றா? கரண்ட் போய்விட்டது என்று சொல்லலாம், சொல்வதற்குக் கரண்ட் போயிருக்க வேண்டுமே, வேலாயுதமும் இதே ஊர்தானே. குச்சி சுற்றிச் சுற்றி வந்தது. கோப்பைக்குள் இருப்பது தேன் பதத்துக்கு வந்துவிட்டது, தேன், இல்லை, தேன் என்று நினைக்கக் கூடாது, இதன் வாடை தேனில்லை, காய்ச்சலில் கிடக்கிறவன் வாய் வாடை. எல்லாவற்றுக்கும் ஒரு வாடை உண்டு, மற்றவர்கள் மூக்கை எங்கே வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே புரிந்ததில்லை. பிள்ளை போன பிறகு பொன்செல்விக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்ததே, மாத்திரை ஒரு பக்கம் கொடுத்தார்கள், பெரியவர்கள் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றார்கள், பூ வாங்கிக்கொண்டு போனது கோமதிதான். காலையில் கட்டிய பூவைச் சாயங்காலம் அவிழ்க்கும்போது அது பழுப்பாக, கொழகொழவென்று, பாலும் மல்லிகையும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை. அதை இரண்டு விரலால் எடுத்துக் கால் படாத இடமாகப் பார்த்துப் போடச் சொன்னார்கள், முருங்கை மரத்தடிக்குப் போகிற வழியெல்லாம் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு அவள் மல்லிகை வைப்பதில்லை. கடைத்தெருவில் பூக்காரி கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனாலும் அந்த வீட்டைச் சுத்தம் செய்து கொடுத்தது யார்? அவள்தான். பொன்செல்வி சுருண்டு கிடந்தபோது, பிள்ளையின் துணி, தொட்டில் சேலை, துண்டு, மெத்தை உறை, எல்லாவற்றையும் அள்ளி வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப்பொடி போட்டு, டெட்டால் விட்டு, இரண்டு அலசு அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து அனாதை இல்லத்துக்குக் கொடுத்தனுப்பியது அவள்தான். எல்லாரும் மெச்சினார்கள். மைனி மாதிரி யார் செய்வா என்றான் வேலாயுதம். அவளுக்கும் அன்றைக்கு ஒரு திருப்தி இருந்தது, வீட்டுக்குள் அந்தப் புளிப்பு வாடை போய் டெட்டால் வாடை வந்தபோது மூச்சுவிட முடிந்தது.

அதே புளிப்பு. அந்தப் பையை வெட்டி ஒரு பழைய பாத்திரத்தில் ஊற்றினபோது அதே புளிப்பு, அதைவிடப் பத்து மடங்கு. பாலைக் கெடாமல் வைக்கிற பொடியைக் கலந்து, சின்னத் தணலில் வைத்துக் கிண்டிக் கிண்டி இறுக வைக்க வேண்டும், வீடியோவில் வெள்ளைக்காரி ஒருத்தி சிரித்துக்கொண்டே செய்தாள். இங்கே அது திரிந்தது, கட்டி கட்டியாக, தண்ணீர் தனியாக. நீலகிரித் தைலம் தடவிய துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கிண்டினாள், நடுவில் இரண்டு தடவை ஓடிப்போய் வாஷ்பேசினில் குனிந்தாள், ஒன்றும் வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பாத்திரத்தை அன்றைக்கே குப்பையில் போட்டாள். பட்டர் பேப்பரில் பரப்பிக் காயவைத்தால் வெள்ளையாக உதிர வேண்டியது பல்காரை நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. சுரண்டிப் பொடித்து டப்பாவில் போட்டு மூடி, மேலே பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டாள், அப்படியும் பால்கனிக் கதவைத் திறந்தால் அது அங்கே இருக்கிறது என்று மூக்குக்குத் தெரிந்தது. இந்த வாடை அவளுக்குப் புதிதில்லை என்பதுதான் கொடுமை. அவளுடைய மகன் பிரபு கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு கல்யாணத்தில், கூறைப்பட்டு கட்டியிருந்தாள், தோளில் போட்டிருந்தவன் கக்கிவிட்டான். கழுத்துக்குள் வெதுவெதுவென்று இறங்கியது. பக்கத்தில் இருந்த யாரோ ஒருத்தி மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள், திரும்பி வந்தபோது அந்த முகம் தெரியாத பெண் தன் முந்தானையால் அவன் வாயைத் துடைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். பால் மறக்க வைக்கும்போது எல்லாரும் வேப்பிலையை அரைத்து மார்பில் தடவி, பிள்ளை அழுகிறதே என்று அழுவார்கள். கோமதி அழவில்லை, ரவிக்கையில் இனி அந்த ஈரவட்டம் இருக்காது என்று நிம்மதியாக இருந்தது. பிரபு இப்போது சென்னையில் படிக்கிறான், போனில் பேசினால், அம்மாவுக்கு எல்லாமே நாத்தம்தான் என்று சிரிக்கிறான். விளையாட்டாகத்தான் சொல்கிறான். விளையாட்டாகச் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொல்கிறான்.

சரி, போதும். வெள்ளைப் பவுடரைப் போடு, கதையை முடி. யாருக்குத் தெரியும்? பாலுக்குள் பெயரா எழுதியிருக்கிறது? அவளுக்கு வேண்டியது கழுத்தில் தொங்க ஒரு சொட்டு, வெள்ளையாக, பார்க்க லட்சணமாக. பழுப்பைப் போட்டால் அது என்னமாக இருக்கும், சொத்தைப் பல்லைக் கோர்த்துப் போட்டதுபோல. அதைப் பார்த்தால் அவள் மனசு என்ன பாடுபடும். அவளுக்காகத்தான். ஆமாம், அவளுக்காகத்தான். குச்சி நின்றது. கோமதிக்குத் தன்மேலேயே குமட்டியது, அந்தக் குமட்டல் வயிற்றிலிருந்து வரவில்லை, அதற்குப் போய்க் கவிழ்ந்து நிற்க ஒரு வாஷ்பேசின் இல்லை. மாட்டுப்பாலைச் சொட்டாக்கி, இது உன் பிள்ளை குடித்தது என்று கழுத்தில் கட்டிவிடுவது. அவள் ராத்திரி அதைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குவாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அது எதிரே வந்து உட்காரும், அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா என்று குனியும்போது சாப்பாட்டுத் தட்டுக்கு மேலே ஆடும். ஆனாலும் சொல்வதற்கு வாய் வேண்டுமே. பால்கனிக் கதவு திறந்தது, அவள் வலது பக்கத்து டப்பாவின் மேல் கையை வைத்தாள். பேச்சிமுத்துதான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"இன்னும் முடியலையா? செல்வி கேக்கா."

"முடிஞ்சிரும். போய் உக்காருங்க."

"அந்தப் பிள்ளை காப்பிகூடக் குடிக்க மாட்டேங்கு. வேலாயுதம் பேன் ரெகுலேட்டரைக் கழட்டிப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கான்." அவன் மூக்கைச் சுருக்கினான். "இங்க என்ன நாத்தம்?"

"ரெசின்."

"ரெசின் இப்படியா நாறும்? ஊசுன தயிரு மாதிரில்லா அடிக்கி."

"உங்களுக்கு என்னைக்கு மூக்கு இருந்திருக்கு, இன்னைக்கு மட்டும் மோந்து பாக்க வந்துட்டீங்க. போங்க."

அவன் போனான். போகிற போக்கில் கதவைச் சாத்தவில்லை, அவன் என்றைக்குமே சாத்தியதில்லை, இருபத்திரண்டு வருஷமாக அவன் திறந்துவிட்டுப் போன கதவுகளை எல்லாம் அவள்தான் சாத்திக்கொண்டு வருகிறாள். சாத்தலாம் என்று எழுந்தபோது வாசலில் பொன்செல்வி நின்றாள். மெலிந்துதான் போயிருந்தாள். நீலச் சேலை, கழுத்தில் தாலிச் சரடு மட்டும், சரடுக்கு மேலே வேறொன்றுக்கு இடம் விட்டதுபோல வெறுமையாக இருந்தது, அல்லது கோமதிக்குத்தான் அப்படித் தெரிந்தது.

"ஊத்தும்போது பக்கத்துல இருக்கணும்னு தோணுச்சுக்கா. இருக்கலாமா?"

"வெயிலா கெடக்கே செல்வி. அங்கனயே இருந்திருக்கலாம்லா."

"வெயில் என்ன செய்யும்." அவள் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். கோப்பையைப் பார்த்தாள், அச்சைப் பார்த்தாள், வலது பக்கத்து டப்பாவைப் பார்த்தாள். இடது பக்கத்தது பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஏதோ வேண்டாத சாமான்போல இருந்தது. "இதானாக்கா?"

"ம்."

"இவ்வளவு வெள்ளையாவா ஆகும்?"

"காய்ஞ்சா அப்படித்தான் ஆகும்."

பொன்செல்வி டப்பாவை எடுத்தாள். எடுக்காதே என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், கோமதிக்கு ஒன்றும் அகப்படவில்லை. மூடியைத் திறந்து மூக்குக்குக் கொண்டுபோனாள், மெதுவாக, சாமிக்கு முன்னால் கண்ணை மூடுகிறதுபோல மூடிக்கொண்டு. முகர்ந்தாள். இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். கண்ணைத் திறந்தபோது எதையோ தேடி அது இல்லாத முகமாக இருந்தது.

"மணக்கவே இல்லையேக்கா."

"பொடியாயிட்டா மணம் போயிரும்."

"போயிருமா." டப்பாவை மேஜையில் வைத்தாள், மூடியைச் சரியாகத் திருகி மூடினாள். "அவன் துணி ஒண்ணாவது இருக்கும்னு பீரோவெல்லாம் தேடுனேன். தொட்டிலுக்கு அடியில ஒரு துண்டு கெடந்துச்சு. அதுவும் நீங்க துவைச்சது போல, டெட்டால்தான் மணக்கு. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு இப்ப அவன் மொகம் போன்ல இருக்கு, அழுத சத்தம்கூட ஒரு வீடியோவுல இருக்கு. அவன் மணம்தான் எதுலயும் இல்ல. பாலைப் பொடியாக்குனா அதுலயாவது கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன்." சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "பரவால்லக்கா. நீங்க ஊத்துங்க."

கோப்பை கையில் சுட்டது. கிண்டாமல் ஒரே இடத்தில் நிறைய வைத்திருந்தால் ரெசின் தானாகவே சூடேறும், அது அவளுக்குத் தெரியும், சூடேறினால் சீக்கிரம் இறுகும், இப்போது ஊற்றினால்தான் உண்டு. கையுறை போட்ட கை வெள்ளை டப்பாவைத் தொட்டது. தொட்ட இடத்தில் அப்படியே இருந்தது. துண்டு, டெட்டால், இரண்டு அலசு. திருப்தியாக மூச்சு விட்டாளே அன்றைக்கு, அந்த மூச்சு எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது, அது இந்தப் பெண்ணின் கையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. தனக்கு நாறியதை எல்லாம் துடைத்துக்கொண்டே வந்து, இந்த மேஜை வரைக்கும் வந்து நிற்கிறாள். தொண்டையில் மறுபடியும் அது புரண்டது. இந்த முறை அதை விழுங்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"அது மாட்டுப்பால், செல்வி. காலையில கடையில வாங்குனது."

பொன்செல்வி புரியாமல் பார்த்தாள்.

"உன் பாலை ஃப்ரீசர்ல வைக்கல. எனக்கு அருவருப்பா இருந்துச்சு, எங்க சாமானோட வைக்கதுக்கு. ஒரு பெட்டியில போட்டு இங்க வெளிய வச்சுட்டேன். மறுநாளு மறந்துட்டேன். கெட்டுப்போச்சு. உன்கிட்ட சொல்ல முடியாம இதை வாங்கிட்டு வந்தேன்."

முன்னறையில் ஃபேன் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது, ஓடிருச்சு பாத்தியா என்று பேச்சிமுத்து சொல்வதும் கேட்டது. பொன்செல்வி திட்டுவாள் என்று கோமதி காத்திருந்தாள். வேலாயுதத்தைக் கூப்பிடுவாள், அழுவாள், இந்தப் படியேறி இனி வரமாட்டாள். அவள் முகம் வெளுத்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"கொட்டிட்டீங்களா?"

"இல்ல. காய்ச்சித்தான் பாத்தேன். பழுப்பாப் போச்சு."

"எங்க?"

"வேண்டாம் செல்வி. நாறுது. சொன்னாக் கேளு."

"எங்கன்னு கேட்டேன்."

கோமதி இடது பக்கத்து டப்பாவைத் தள்ளினாள். பொன்செல்வி ரப்பர் பேண்டை உருவினாள், பாலிதீனைப் பிரித்தாள். மூடி கழன்றதும் அது வெளியே வந்தது, வெயிலில் இன்னும் கூடுதலாக, திரிந்த பாலும் கொழுப்பும் புளிப்பும், கோமதியின் கை தானாகவே மூக்குக்குப் போயிற்று. பொன்செல்வி குனிந்தாள். டப்பாவுக்குள் முகத்தையே விட்டுவிடுகிறவள்போலக் குனிந்து மூச்சை இழுத்தாள், விட மனசில்லாமல் நிறுத்தி வைத்தாள், விட்டாள், மறுபடியும் இழுத்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கோமதி நினைத்தாள், நிமிர்ந்தபோது அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு முகத்தோடு இருந்தாள்.

"கக்குவாம்லாக்கா. குடிச்சிட்டுத் தோள்ல போட்டதும் கக்குவான். இந்த ஜாக்கெட்டுக்குள்ள இறங்கி, இங்க, கழுத்து மடிப்புல காய்ஞ்சு கெடக்கும். இதே மணம். நான் ஒவ்வொரு தடவையும் மொகத்தத் திருப்பிக்கிட்டு ஏசுவேன்." மறுபடியும் டப்பாவுக்குள் குனிந்தாள். இப்போது அவள் பேசியது கோமதியிடம் இல்லை. "நாத்தம் புடிச்ச பயலே," என்றாள். "நாத்தம் புடிச்ச பயலே. இங்கயா இருக்க."

கோப்பையிலிருந்து மெலிதாகப் புகை வந்தது. கோமதி குச்சியை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, குச்சியும் கோப்பையும் ஒரே கட்டியாகிவிட்டிருந்தன. அச்சு காலியாகக் கிடந்தது, சொட்டு வடிவத்தில் ஒரு பள்ளம். இதுக்குள்ள போட்டு அடைச்சிராதீங்கக்கா, இப்படியே இருக்கட்டும், நான் கொண்டுட்டுப் போயிருதேன் என்றாள் பொன்செல்வி. சொல்லிவிட்டு, கோபமோ என்னவோ, இல்லை, கோபம் இல்லை, வேறு யாரிடமும் காட்ட முடியாத ஒன்றைக் காட்டுகிற அவசரத்தோடு டப்பாவைக் கோமதியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாருங்க. அவந்தானே?"

கோமதி கையுறைகளைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக இழுக்க வேண்டியிருந்தது, ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தன. டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள், பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தது பொன்செல்விக்குத் தெரிந்துவிடும் என்று விட்டாள். உள்ளே போயிற்று. அந்தப் புளிப்பில் கண்ணில் நீர் கட்டியது. பொன்செல்வி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக. அந்த இரண்டு மாதத்தில் கோமதி அவனை எத்தனை தடவை தூக்கியிருப்பாள், மூன்று தடவை, நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் தோளில் ஒரு துண்டை விரித்து, முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு. அவன் எப்படி மணப்பான் என்று அவளுக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக் குழாயடியில் பட்டுச்சேலையைக் கசக்கிக் கசக்கிப் போக்கியது மட்டும் தெரியும். அவள் டப்பாவை விலக்காமல், மூச்சை நன்றாக இழுத்து இன்னொரு தடவை முகர்ந்தாள்.